நோயில்லாதவர் விழுங்கும் மாத்திரை

பெரியவர்களுக்கு மூன்று, ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இரண்டு, இரண்டு வயதைக் கடந்த சிறு குழந்தைக்கு ஒன்று. கர்ப்பிணிகளுக்கும் கடும் நோயில் படுத்திருப்பவர்களுக்கும் கிடையாது. வெறும் வயிற்றில் போடக் கூடாது. யானைக்கால் நோய் பரவிய மாவட்டங்களில் ஆண்டுக்கு ஒரு முறை வீட்டு வாசலுக்கு வந்த டி.இ.சி. மாத்திரையின் கணக்கு இவ்வளவுதான். கொண்டுவருகிறவர் கிராம சுகாதார செவிலியராகவோ அங்கன்வாடிப் பணியாளராகவோ இருப்பார். வாசலுக்கு வாசல் அவர் எதிர்கொண்ட கேள்வியும் ஒன்றுதான்: “எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, நான் எதுக்கு மாத்திரை போடணும்?”

நியாயமான கேள்விதான். நோய் வந்தவர் மருந்து சாப்பிடுவார் என்பது எந்த வைத்தியத்துக்கும் பொது விதி. தடுப்பூசியை விலக்கு என்று சொன்னாலும், அது போட்டுக்கொள்கிறவரையாவது காக்கும். டி.இ.சி.யோ விழுங்குகிறவரைவிடப் பக்கத்து வீட்டுக்காரருக்காகவே அதிகம் கொடுக்கப்படுகிறது. 1947-ல் நோயாளிக்காகப் பிறந்த மருந்து, நோயில்லாதவர் வாசலுக்கு வந்து நிலைபெற ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் அதன் வேதியியலில் எந்த மாற்றமும் இல்லை. அதைக் கொடுக்கும் முறைதான் மாறிக்கொண்டே வந்தது. அந்த மாற்றங்களின் கதைதான் இந்த மாத்திரையின் கதை.

இரவில் வரும் குட்டிகள்

மருந்துக்கு முன்னால் எதிரி. இந்தியாவில் யானைக்கால் நோயின் பெரும்பகுதிக்குக் காரணம் வுச்செரேரியா பான்கிராஃப்டி என்னும் ஃபைலேரியா வகைப் புழு. பெண்புழு எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளம் வரை இருக்கும். பருமன் தையல் நூல் அளவு. மனித உடலின் நிணநீர்க் குழாய்களில் சராசரியாக ஐந்தாண்டு வாழ்ந்து, லட்சக்கணக்கில் நுண்புழுக்களை ஈன்று ரத்தத்தில் விடும். மைக்ரோஃபைலேரியா என்று மருத்துவர்கள் சொல்லும் அந்தக் குட்டிகளுக்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. பகலெல்லாம் நுரையீரலின் ரத்தக் குழாய்களில் தங்கிவிட்டு, இரவு பத்து மணி வாக்கில்தான் தோலையொட்டிய ரத்தத்துக்கு வரும். சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரமும் அதுதான். கொசுவுக்குள் போய்ப் பத்துப் பதினைந்து நாளில் வளர்ந்து, அடுத்த ஆளைக் கொசு கடிக்கும்போது தோல் வழியே இறங்கிவிடும்.

இந்தச் சங்கிலியைக் கண்டுபிடிக்கவே ஒரு தலைமுறை பிடித்தது. 1872-ல் கல்கத்தாவில் திமோதி லூயிஸ் மனித ரத்தத்தில் நுண்புழுவைப் பார்த்தார். 1876-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஜோசப் பான்கிராஃப்ட் முதிர்ந்த புழுவைக் கண்டார். அடுத்த ஆண்டே சீனத் துறைமுகமான அமாயில் பாட்ரிக் மேன்சன், நுண்புழு கொசுவின் வயிற்றில் வளர்வதைக் காட்டினார். ஒரு நோயைப் பூச்சி சுமக்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் சான்றுகளில் ஒன்று அது. ஆனால் கொசு தண்ணீரில் விழுந்து சாகும், அந்தத் தண்ணீரைக் குடித்து மனிதனுக்கு நோய் வரும் என்று மேன்சன் நினைத்தார். கடியின் மூலமே புழு திரும்புகிறது என்பதற்கான ஆதாரம் 1900-ல்தான் கிடைத்தது. ஜார்ஜ் கார்மைக்கேல் லோ லண்டனில் கொசுவின் உறிஞ்சுகுழலுக்குள் புழுவைப் பார்த்தார்.

எதிரி யாரென்று தெரிந்தும் அடிக்க ஆயுதம் இல்லாமல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் போயின. ஆர்செனிக், ஆன்டிமனி உப்புகளை ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். அவை புழுவோடு சேர்த்து நோயாளியையும் படுத்தின.

பேர்ல் ரிவரில் பிறந்தது

ஆயுதத்துக்கான அவசரத்தைக் கொண்டுவந்தது இரண்டாம் உலகப் போர். சமோவா போன்ற பசிபிக் தீவுகளில் முகாமிட்ட அமெரிக்கச் சிப்பாய்களில் ஆயிரக்கணக்கானோருக்குக் கை கால் சிவந்து வீங்கியது, நெறிகட்டியது, விரை வலித்தது. தீவு மக்களின் பெருத்த கால்களைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். தமக்கும் அப்படி ஆகுமோ, ஆண்மை போய்விடுமோ என்ற பயம் முகாம்களில் பரவியது. பலரைத் தாயகத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டி வந்தது.

நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்னும் ஊரில் லெடர்லே ஆய்வகம் இருந்தது. அதன் ஆராய்ச்சி இயக்குநர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ல் பீமவரத்தில் பிறந்த தெலுங்கர். பள்ளிப்படிப்பை முடித்ததும் மருத்துவம் படித்ததும் சென்னையில். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தி வந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, முழு மருத்துவப் பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறியவர். சென்னையின் ஆயுர்வேதக் கல்லூரியில் சில காலம் உடற்கூறு கற்பித்துவிட்டு 1920-களின் தொடக்கத்தில் பாஸ்டனுக்குக் கப்பலேறினார். அதன்பின் தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்கும் ஃபிஸ்கே–சுப்பாராவ் முறையால் உயிர்வேதியியல் மாணவர்களுக்கு அவரைத் தெரியும். ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்ததும், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை முதன்முதலாகத் தற்காலிகமாகவாவது பின்வாங்கச் செய்த அமினோப்டெரினும், ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் அவர் தலைமையில் லெடர்லேயிலிருந்து வந்தவை.

அதே ஆய்வகத்தில் ஹெவிட் என்பவரின் குழு பைப்பரசின் குடும்பத்துச் சேர்மங்களை ஒவ்வொன்றாக, புழு தொற்றிய பருத்தி எலிகளுக்கும் நாய்களுக்கும் கொடுத்துப் பார்த்தது. அவற்றில் ஒன்று வாய்வழி கொடுத்தாலே ரத்தத்திலிருந்து நுண்புழுக்களைத் துடைத்தெடுத்தது. அதுதான் டை எத்தில் கார்பமசின், சுருக்கமாக டி.இ.சி. 1947-ல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் ஹெவிட்டின் பெயரோடு சுப்பாராவ் பெயரும் இருக்கிறது. அதே ஆண்டில் போர்ட்டோ ரிக்கோவில் மனித நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள், அங்கும் பலித்தது. லெடர்லே வைத்த வணிகப் பெயர் ஹெட்ரசான். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் ஐம்பத்து மூன்று வயதில் இறந்துபோனார். தன் மருந்து எங்கெல்லாம் போனது என்பதைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

இந்த மருந்தின் நடத்தையில் ஒரு புதிர் இருந்தது. சோதனைக் குழாயில் நுண்புழுவோடு சேர்த்து வைத்தால் புழு பாட்டுக்கு நெளிந்துகொண்டிருக்கும், சாகாது. உடலுக்குள் போனால் மணிக்கணக்கில் ரத்தம் சுத்தமாகும். லண்டனில் ஃபிராங்க் ஹாக்கிங் (இயற்பியலர் ஸ்டீபன் ஹாக்கிங்கின் தந்தை) 1950-ல் தன் சகாக்களோடு இதை ஆராய்ந்தார். மருந்து பட்ட நுண்புழுக்கள் கல்லீரலில் சிறைப்பட்டு, உடலின் காவல் அணுக்களால் விழுங்கப்படுவதைக் கண்டார். அதாவது மருந்து எதிரியைக் காட்டிக்கொடுக்கும், கொல்வது உடல். பின்னாளில் இந்த மருந்தின் விதியைத் தீர்மானித்தது இந்தக் குணம்தான். ரத்தத்தில் புழு நிறைய உள்ளவர் மாத்திரை போட்டால், செத்த புழுக்களுக்கு உடல் காட்டும் எதிர்வினையால் காய்ச்சல், தலைவலி, தலைச்சுற்றல், வாந்தி வரும். புழு இல்லாதவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. மருந்து வேலை செய்கிறது என்பதற்கான அடையாளமே, மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றும்.

நோயாளிகளின் மருந்து

முதல் காலத்தில் டி.இ.சி. நோயாளியின் மருந்தாகவே இருந்தது. உடல் எடையில் கிலோவுக்கு 6 மில்லிகிராம், பன்னிரண்டு நாள். இந்திய ஊர்களில் இன்னொரு வேலையும் அதற்குக் கிடைத்தது. இரவெல்லாம் விடாத இருமல், இழுப்பு, ரத்தத்தில் ஒரு வகை வெள்ளணு மட்டும் எக்கச்சக்கமாக ஏறியிருக்கும். நம் வீடுகளில் ‘ஈஸ்னோபீலியா’ என்று பேசப்பட்ட தொல்லை. அதற்கு முன்பு ஆர்செனிக் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். 1950-களில் டி.இ.சி. கொடுத்தபோது கேட்டது. கேட்டதிலிருந்துதான், அந்த இருமலுக்கும் ஃபைலேரியா புழுவே காரணம் என்ற முடிவு வலுப்பட்டது. கால் வீங்காத, யானைக்கால் என்றால் முகம் சுளிக்கிற குடும்பங்களிலும் ஹெட்ரசான், பானோசைட் பாட்டில்கள் அலமாரியில் இருந்தன. அமெரிக்காவிலோ இதே மருந்து நாய்களுக்கு இதயப் புழு வராமல் தடுக்க நாள்தோறும் கொடுக்கப்பட்டது.

நோயாளியைத் தாண்டி ஊருக்கே கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் பசிபிக்கில் சீக்கிரமே பிறந்தது. தாஹிதித் தீவில் 1940-களின் கடைசியிலேயே தொடங்கிவிட்டார்கள். ஜப்பான் 1962-ல் நாடு தழுவிய திட்டம் வகுத்து, தென்பகுதி மாகாணங்களில் நோயைத் துடைத்தது.

இந்தியா 1955-ல் தேசிய ஃபைலேரியா கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. வீடுகளில் பூச்சிமருந்து தெளிப்பது, சாக்கடையில் கொசுப்புழுவை ஒழிப்பது, எல்லோருக்கும் டி.இ.சி. கொடுப்பது என்று மூன்று கைகள் அதற்கு. சில ஆண்டுகளிலேயே மூன்றாவது கை முடங்கியது. நன்றாக இருந்த ஆளுக்கு அரசாங்க மாத்திரை போட்டதும் காய்ச்சல் வந்தால் ஊர் என்ன நினைக்கும்? அதுவும் ஒரு நாளோடு முடியாமல், அடுத்தடுத்த நாளும் அதே மாத்திரை என்றால்? பலர் மறுத்தார்கள். பொதுவினியோகம் கைவிடப்பட்டது.

மிஞ்சியது நகரங்களில் கொசுப்புழு ஒழிப்பும் இரவு ரத்தப் பரிசோதனையும். சுகாதாரப் பணியாளர்கள் இரவு எட்டு மணிக்கு மேல் தெருத்தெருவாகப் போய், தூங்குகிறவர்களை எழுப்பி, விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் ரத்தம் எடுப்பார்கள். நுண்புழு இருந்தால் அந்த ஆளுக்கு மட்டும் மருந்து. தமிழ்நாட்டு நகரங்களில் ஃபைலேரியா இரவு கிளினிக்குகள் இப்படித்தான் பல பத்தாண்டுகள் ஓடின. உழைப்புக்குக் குறைவில்லை; பலன் குறைவு. எழுந்து விரலை நீட்டியவர்களைத்தான் சோதிக்க முடிந்தது. நீட்டாதவர் ரத்தத்திலிருந்து கொசு எடுத்துக்கொண்டே இருந்தது.

உப்போடு சேர்ந்த காலம்

மருந்தை விழுங்க மாட்டேன் என்கிறவரிடம் அதைச் சோற்றோடு சேர்த்தால் என்ன? டி.இ.சி. நீரில் கரையும், சமையல் சூட்டைத் தாங்கும், சிறிய அளவில் ருசியை மாற்றாது. உப்பில் கலக்க இதைவிடத் தோதான மருந்து அரிது. ஹாக்கிங்கே பிரேசிலில் இதைச் சோதித்து 1967-ல் எழுதினார். சீனா இதைப் பெரிய அளவில் செய்தது. நூறு பங்கு உப்புக்கு 0.3 பங்கு மருந்து, சுமார் ஆறு மாதம். நாளைக்குப் பத்து கிராம் உப்பு சாப்பிடுகிறவர் உடலில் 30 மில்லிகிராம் மருந்து சேரும். மாத்திரையைப் போல ஒரே அடியாக இறங்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் புழுவைக் குறைப்பதால் காய்ச்சலும் பெரிதாக வராது. தைவானின் கின்மென் தீவுகளிலும் இந்த வழி வெற்றி பெற்றது. 2007-ல் சீனா, பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து யானைக்கால் நோயை நீக்கிவிட்டதாக அறிவித்தபோது அதற்குப் பின்னால் மருந்து உப்புக்குப் பெரிய பங்கு இருந்தது.

நம் பக்கத்தில் லட்சத்தீவிலும் காரைக்காலிலும் மருந்து உப்பு சோதிக்கப்பட்டது; நுண்புழு உள்ளவர்களின் விகிதம் நன்றாகவே இறங்கியது. ஆனாலும் நாடு முழுவதற்கும் அது போகவில்லை. கப்பலில் வந்தால்தான் உப்பு என்ற தீவிலும், உப்பு வினியோகத்தை அரசே கையில் வைத்திருக்கும் நாட்டிலும் இது சாத்தியம். கடற்கரை நெடுக உப்பளம் உள்ள, மளிகைக் கடைக்குக் கடை வேறு வேறு உப்பு விற்கும் நாட்டில், மருந்து கலக்காத மூட்டை பக்கத்துக் கடையில் இருந்தால் போதும், திட்டம் ஓட்டையாகிவிடும். உப்பு முறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. சம்மதம் கேட்கிற தொல்லை இல்லாததுதான் அதன் வசதி. நம்பிக்கை வளர்க்க அது எந்த வாய்ப்பும் தராததும் அதனால்தான்.

வருடத்துக்கு ஒரு வேளை

திருப்புமுனை மறுபடியும் சமோவாவிலிருந்து வந்தது. 1980-களில் அங்கே பன்னிரண்டு நாள் மருந்துக்குப் பதில் கிலோவுக்கு 6 மில்லிகிராம் என்ற ஒரே வேளையை ஆண்டுக்கு ஒரு முறை ஊர் முழுக்கக் கொடுத்தார்கள். கிமுரா என்னும் ஜப்பானிய ஆய்வாளரும் சகாக்களும் 1985-ல் வெளியிட்ட முடிவுகள், ரத்தத்தில் நுண்புழு இந்த ஒற்றை வேளையிலேயே பெருமளவு குறைவதைக் காட்டின.

இதன் கணக்கு எளிமையானது. டி.இ.சி. தாய்ப்புழுக்களில் சிலவற்றைத்தான் கொல்லும்; மீதம் தப்பிப் பிழைத்து மீண்டும் குட்டி போடும். ஆனால் குட்டிகள் பழைய எண்ணிக்கைக்கு வர மாதங்கள் ஆகும். அதற்குள் அடுத்த வேளை வந்துவிட வேண்டும். தாய்ப்புழுவின் ஆயுள் ஐந்தாண்டு. ஐந்தாறு ஆண்டுகள் இப்படிக் குட்டிகளைத் தட்டிக்கொண்டே இருந்தால் தாய்ப்புழு தானாகவே மூப்பில் சாகும். இந்தப் புழுவுக்கு மனிதனை விட்டால் தங்க இடமில்லை. கியூலெக்ஸ் அதைச் சுமப்பதிலும் அத்தனை திறமைசாலி அல்ல. நிரந்தரத் தொற்று உண்டாக நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான கடிகள் தேவை என்று கணக்கிடுகிறார்கள். ஆகவே ஊரின் ரத்தத்தில் புழு ஓர் அளவுக்குக் கீழே போனால், கொசு ஒழியாமலேயே நோய் ஒழியும். கூவத்தையும் சாக்கடைகளையும் சுத்தம் செய்து முடிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

யார் ரத்தத்தில் புழு இருக்கிறது என்று இரவில் தேடிக்கொண்டிருப்பதைவிட எல்லோருக்கும் கொடுத்துவிடுவது மலிவு, விரைவு என்பதும் இதிலிருந்து வந்த முடிவு. நுண்புழுவைச் சுமப்பவர்களில் பெரும்பாலோருக்குக் கால் வீக்கமோ காய்ச்சலோ இருக்காது. தனக்கு ஒன்றுமில்லை என்று உண்மையாகவே நம்புகிறவர்தான் ஊருக்கு நோய் கொடுத்துக்கொண்டிருப்பார். கால் வீங்கியவரின் ரத்தத்திலோ பல சமயம் நுண்புழுவே இராது.

தமிழ்நாட்டில் இந்த முறை 1996-ல் கடலூர் மாவட்டத்தில் தொடங்கியது. அதையடுத்து ஏழு மாநிலங்களின் 13 மாவட்டங்களில் முன்னோட்டம் நடந்தது. 1997-ல் உலக சுகாதாரப் பேரவை இந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழிக்கத் தீர்மானம் போட்டது. 2000-ல் உலகத் திட்டம் தொடங்கியது. 2004-ல் இந்தியா 202 மாவட்டங்களுக்கு டி.இ.சி.யைக் கொண்டுபோனது. ஒரு நாளில் கோடிக்கணக்கான வாசல்கள்.

கைக்கும் வாய்க்கும் இடையே

கிடங்கிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், அங்கிருந்து கிராமத்துக்கும், கிராமத்திலிருந்து வாசலுக்கும் மாத்திரை வந்துவிட்டது. வாங்கியவர் கையிலிருந்து வாய்க்குப் போகிற இடத்தில்தான் திட்டம் தடுக்கி விழுந்தது. “சாப்பிட்டுட்டுப் போட்டுக்கிறேன், வச்சுட்டுப் போங்கம்மா” என்பார் வீட்டுக்காரர். சாப்பாட்டுக்குப் பிறகுதான் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவரே அந்தப் பணியாளர்தான். மறுத்துப் பேச முடியாது. மாத்திரை சாமி மாடத்துக்கோ டிவி மேசைக்கோ போகும். பதிவேட்டில் ‘கொடுக்கப்பட்டது’ என்று ஏறும்.

புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் கொசு, பூச்சிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இந்த வித்தியாசத்தை அளந்தது. வாங்கியவர்களில் கணிசமானோர் விழுங்கவில்லை. ஏன் என்று கேட்டால் கிடைத்த பதில்கள் யாரும் எதிர்பார்க்கக்கூடியவை: எனக்கு நோய் இல்லை, போனமுறை போட்டவருக்கு மயக்கம் வந்தது, வேலைக்குப் போகணும், காய்ச்சல் வந்தால் கூலி போயிடும். நாள்கூலிக்காரரின் இந்தக் கடைசிக் கணக்கை யாரும் அறியாமை என்று தள்ள முடியாது. அரசு கேட்பது மாத்திரை போடச் சொல்லி மட்டுமல்ல, ஒரு நாள் சம்பளத்தையும் பணயம் வைக்கச் சொல்லி.

மொத்த மக்களில் குறைந்தது 65 விழுக்காட்டினர் ஒவ்வொரு சுற்றிலும் விழுங்கினால்தான் கணக்கு பலிக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அதைவிட முக்கியம், விழுங்காதவர் ஆண்டுதோறும் அதே ஆட்களாக இருக்கக் கூடாது என்பது. ஒரே குடும்பம் ஐந்து ஆண்டும் மறுத்தால் அந்த வீட்டில் புழு பத்திரமாக இருக்கும்.

இங்கிருந்து கிடைத்த பாடம் பிறகு விதியாயிற்று: பணியாளர் முன்னாலேயே விழுங்க வேண்டும். சாப்பிட்டு முடிக்கும் நேரம் பார்த்து வர வேண்டும். போட்டவர் விரலில் மை வைக்க வேண்டும். காய்ச்சல், தலைச்சுற்றல் வந்தால் பார்க்க மருத்துவக் குழு தயாராக இருக்க வேண்டும். அப்படி வருவது ரத்தத்தில் புழு இருந்ததற்கான அறிகுறி என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பின்விளைவை மறைத்த திட்டங்கள் ஒரே வதந்தியில் படுத்தன. முன்னாலேயே சொன்னவை பிழைத்தன.

துணைக்கு வந்த மருந்துகள்

டி.இ.சி. தனியாகவே எல்லா இடமும் போகவில்லை. குடற்புழு மாத்திரையான அல்பென்டசோலை ஸ்மித்கிளைன் பீச்சம் நிறுவனம் 1998-ல் இந்தத் திட்டத்துக்கு இலவசமாகத் தர முன்வந்தது. பிள்ளைகளின் வயிற்றுப் பூச்சியும் சேர்ந்து போவதால் தாய்மார்களிடம் இந்த மாத்திரைக்கு மரியாதை கூடியது.

ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்குள் டி.இ.சி. நுழையவே முடியாது. ஆற்றோரங்களில் பரவும் ஆன்கோசெர்கா என்ற வேறொரு புழு அங்கே கண்ணைக் குருடாக்கும். அந்தப் புழு உள்ளவர் டி.இ.சி. போட்டால், கண்ணுக்குள் சாகும் குட்டிகளே பார்வையைப் பறித்துவிடக்கூடும். அங்கே மெர்க் நிறுவனம் 1987-லிருந்து இலவசமாகத் தரும் ஐவர்மெக்டினும் அல்பென்டசோலும்தான் கொடுக்கப்படுகின்றன.

இந்தியாவில் இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தன. பப்புவா நியூகினியில் நடந்த சோதனையின் முடிவு 2018-ல் வெளியானது. மூன்று மருந்தையும் ஒரே வேளையாகப் பெற்றவர்களில் 96 விழுக்காட்டினரின் ரத்தத்தில் மூன்று ஆண்டு கழித்தும் நுண்புழு இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் பீகாரின் அர்வல் மாவட்டத்தில் இந்தியா மும்மருந்தைத் தொடங்கியது. அடுத்து நாக்பூர், சிம்டேகா, வாரணாசி, யாத்கிர். ஐவர்மெக்டினை உயரம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பதால் ஆஷா எனப்படும் கிராம சுகாதாரப் பணியாளர் கையில் இப்போது ஓர் அளவுகோலும் சேர்ந்திருக்கிறது.

மாத்திரையின் பயணத்தில் ஒரு நல்ல வளைவு இங்கே. 2012 ஜனவரியில் லண்டனில், யானைக்கால் நோயைத் தன் மண்ணில் ஒழித்த ஜப்பானின் எய்சாய் நிறுவனம், 220 கோடி டி.இ.சி. மாத்திரைகளை உலக சுகாதார நிறுவனத்துக்கு இலவசமாகத் தருவதாக அறிவித்தது. அவை தயாராவது விசாகப்பட்டினத்து ஆலையில். சுப்பாராவ் பிறந்த பீமவரம் அதே கரையோர ஆந்திரத்தில் இருக்கிறது.

மாத்திரைக்கு எட்டாதது

பலன் எவ்வளவு? 2000 முதல் உலகெங்கும் கொடுக்கப்பட்ட வேளைகள் 900 கோடிக்கும் மேல். 2018-ல் தொற்றோடு இருந்தவர்கள் சுமார் 5 கோடியே 10 லட்சம் பேர். திட்டம் தொடங்கியபோது இருந்ததைவிட 74 விழுக்காடு குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இலங்கை, மேல், தென், வடமேல் மாகாணங்களின் எட்டு மாவட்டங்களில் 2002 முதல் 2006 வரை ஐந்து சுற்று கொடுத்துவிட்டு, 2016-ல் சான்று பெற்றது. வங்கதேசம் 2023-ல். தமிழ்நாட்டின் நோய்ப் பகுதிகளில் பெரும்பாலானவற்றில், ஆறேழு வயதுப் பள்ளிக் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்துத் தேறிய பிறகு, வினியோகம் நிறுத்தப்பட்டிருக்கிறது. இந்தச் சோதனையைப் பகலிலேயே செய்யலாம். புழுவின் ஆன்டிஜெனை (உடலின் எதிர்ப்பைத் தூண்டும் பொருளை) விரல்நுனி ரத்தத்தில் காட்டும் அட்டை வந்துவிட்டதால் இரவில் யாரையும் எழுப்ப வேண்டாம். பீகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் வேலை மீதமிருக்கிறது. இந்தியா வைத்திருக்கும் இலக்கு 2027.

இந்த எண்களுக்குள் அடங்காத ஒரு கூட்டம் உண்டு. வீங்கிப் போன காலை டி.இ.சி. மெலிய வைக்காது. புழு செத்தாலும் அது சிதைத்த நிணநீர்க் குழாய் சிதைந்ததுதான். அந்தக் காலுக்குத் தேவை மாத்திரையல்ல: தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கு ஈரத்தை ஒற்றியெடுத்து, புண்ணுக்குக் களிம்பு வைத்து, காலை உயர்த்தி வைத்து, தனக்கென்று தைத்த செருப்பு போடுவது. இப்படிச் செய்தால் வருடத்துக்குப் பலமுறை வரும் குளிர்காய்ச்சல் வெகுவாகக் குறையும். அதனால் வேலைக்குப் போகும் நாள்களும் கூடும். விரைவீக்கத்துக்கு எளிய அறுவை சிகிச்சை இருக்கிறது. உலகத் திட்டத்தின் இரண்டு தூண்களில் ஒன்றாக இந்தப் பராமரிப்பு 2000-லேயே எழுதப்பட்டது. நாடுகள் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போதும் இதற்கான ஏற்பாட்டைக் காட்ட வேண்டும். ஆனால் எண்ணுவதற்கு எளிதான மாத்திரைக்குக் கிடைத்த கவனமும் காசும் கழுவும் வாளிக்குக் கிடைக்கவில்லை.

ஒழிப்புச் சான்று வருகிற வருடத்தில் கால் வீங்கிய ஒருவருக்கு வயது நாற்பது என்றால், அவருக்கு இன்னும் முப்பது ஆண்டுகள் களிம்பும் செருப்பும் காய்ச்சலுக்கு மருந்தும் வேண்டும். திட்டம் மூடப்பட்டதும் அதன் ஊழியர்கள் வேறு துறைக்கு மாற்றப்பட்டு, இரவு கிளினிக் இருந்த அறை கிடங்காகிவிட்டால், அவர் கேட்டுப் போக இடமிருக்காது. ஊருக்காக நோயில்லாதவர்களை மாத்திரை விழுங்கச் சொன்ன அரசு, அதே ஊரில் நோயோடு மிஞ்சியவரைக் கவனிக்கும் செலவையும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் நிரந்தர வரவு செலவில் எழுதிவைத்தால்தான் கணக்கு நேராகும்.